கயிறு கட்டாத பாதை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று கரை நெடுகிலும் இருந்து கை கொடுத்தவர்களுக்கும், கடல் தாண்டிப் போன இடத்திலிருந்து பணம் அனுப்பிய தம்பிமாருக்கும்,

வணக்கம்.

போன ஆடியிலேயே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தாமதத்துக்குப் பாதிக் காரணம் என் சோம்பல், பாதி என் போன். நான் பேசப் பேச அது எழுதும். ‘வல்லம்’ என்றால் ‘வெல்லம்’ என்று எழுதி எனக்கே வாசித்துக் காட்டும். எங்காவது வெல்லத்தில் ஏறி மீன் பிடிக்கப் போனதாக வந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பாம்பன் தீவுக்காரன். 22 வயதில் ஒரு இருட்டு ராத்திரி கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் “அந்தா பாரு, வெளக்கு வருது” என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணன் சத்தம் போட்டுத் திருப்பியதால் இரண்டு வல்லமும் தப்பின. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர் சொன்னார். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பகல் பார்வையும் குழாய் வழியே பார்ப்பது போல் ஓரத்திலிருந்து சுருங்கும். பரம்பரையாக வரும் கோளாறு. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இது வர வாய்ப்பு கூடுதல். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். பத்து வருஷத்தில் முழுதாக அணைந்தது.

இப்போது பழைய வலைக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து, பார்வையில்லாதவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கவும், பிரெய்ல் படிக்கவும், போன் பழகவும் நாலைந்து பேர் சேர்ந்து சொல்லிக் கொடுக்கிறோம். கண்புரை உள்ளவர்களை மதுரைக்கு அனுப்பும் வேலையையும் சேர்த்துக்கொண்டோம். இதற்குத்தான் உங்களிடம் கையேந்தினோம்.

வசூலைத் தொடங்கிய நாளே தப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். கடற்கரையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் ஏப்ரல் மூன்றாம் வாரம் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம், வாடகை முன்பணத்துக்குக் கெடு அப்போதுதான் என்று. முதல் பத்து நாளில் உண்டியலில் விழுந்ததைச் சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம். ஒரு பெட்டி நிறையக் கருப்புக் கண்ணாடி வந்தது. பார்வையில்லாதவனுக்குக் கருப்புக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெயிலில் நிற்கிறவர்களான நீங்கள்தான் அதைப் போட வேண்டும். சரி, கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்குத் தூசியும் வெளிச்சமும் படாமல் இருக்க உதவியது. அனுப்பியவருக்கு நன்றி. இனி வேண்டாம்.

அதே சமயத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். காலை ஏலத்தில் ஒரு கூடை மீனை எங்கள் பேரில் தனியாக ஏலம் விட்டார்கள். சனிக்கிழமை தோறும், எட்டு வாரம். எடுத்த வியாபாரிகளும் விலையைக் குறைக்கப் பார்க்கவில்லை. சாதாரண நாளில் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டும் ஆட்கள்தான் அவர்கள்.

தடை முடிந்து முதல் அமாவாசைக்குப் பாசி எடுக்கும் அக்காக்கள் வந்தார்கள். அவர்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குள் இறங்குவார்கள், பாசி வளர இடம் விட வேண்டும் என்று தாங்களே போட்டுக்கொண்ட கட்டு. அந்தப் 12 நாளில் ஒரு நாள் மரிக்கொழுந்துப் பாசி விற்ற காசை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒரு மதினி அங்கே கிடந்த பிரெய்ல் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “தண்ணி கலங்குனா நாங்களும் இப்படித்தான் பாறையத் தடவி எடுக்கோம். கை பழகுனா வந்துரும்” என்றார். ஆறே புள்ளி, அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வந்த பாரதி பிரெய்ல் என்று நான் வகுப்பில் விளக்குவதையெல்லாம் விட மதினி சொன்னதுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று ஏறியது.

இனி மதுரை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அவர்களுடைய ஆரோலேப் நிறுவனம் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்ததும் அதன் விலை இறங்கியது. கண் முகாம் என்றால் என்ன என்று எங்கள் பாட்டிமாருக்கும் தெரியும். இலவச முகாமில் பெயர் கொடுத்தால் ஆபரேஷனுக்குக் காசில்லை, லென்ஸுக்குக் காசில்லை, போகவர வண்டியும் உண்டு. அப்புறம் ஏன் இத்தனை பேர் புரை முற்றி வெளிச்சம் மட்டும் தெரிகிற நிலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

வீடு வீடாகப் போய்க் கேட்டோம். “கண்ண நோண்டி எடுத்துட்டா?” என்று ஒருவர். “ஆட்ட யாரு பாக்குறது?” என்று ஒருவர். பெரும்பாலானவர்கள் சொன்னது ஒன்றுதான்: “கூட யாரு வருவா?” முகாம் வண்டியில் நோயாளிக்கு இடம் உண்டு, துணைக்கு வருகிறவருக்கு எப்போதும் இருக்காது. மகன் கூட வந்தால் இரண்டு நாள் கடல் போகும். திரும்பி வந்த பிறகும் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும், தலையில் தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. தனியாக இருக்கும் கிழவிக்கு அதையெல்லாம் யார் செய்வது?

ஆகவே உங்கள் பணத்தில் பெரும் பங்கைத் துணைக்குச் செலவு செய்தோம். முகாம் வண்டிக்குப் பின்னாலேயே சாதா பஸ்ஸில் துணை ஆள் போவார். அவருக்கு இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் சாப்பாடும் நம் கணக்கு. இப்படி 37 பேர் போய்வந்தார்கள். கூலியே வேண்டாம் என்று போன கல்லூரித் தம்பிகள் மூன்று பேர் உண்டு. சொட்டு மருந்துக்கு நேரம் தவறாமல் தெருத் தெருவாகச் சுற்றிய அங்கன்வாடி அக்காவுக்கு என்ன சொல்வது? அவர் வேலைப் பட்டியலில் இது கிடையாது. சொட்டு மருந்தோடு சில நாள் மீன் குழம்பும் போனதாகக் கேள்வி.

போய்வந்தவர்களில் கருவாடு விற்கும் பாட்டி ஒருவர். கட்டு அவிழ்த்ததும் மகள் முகத்தைப் பார்த்து அழுதார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் முதலில் பார்த்தது மகள் கூரையில் காயப் போட்டிருந்த நெத்திலியை. “ஏண்டி, இதுல பாதி மண்ணு” என்றாராம்.

இன்னொரு நன்றியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் ஒரு குடும்பம், இறந்துபோன பெரியவரின் கண்களைக் கொடுத்தது. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஒப்பாரி நடந்துகொண்டிருக்கும் வீட்டில் ஃபேனை நிறுத்தி, கண் மேல் ஈரப் பஞ்சு வைத்துவிட்டு, வண்டிக்காகப் பாம்பன் பாலத்துப் பக்கம் ஆள் நிறுத்தினார்கள். இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஒனக்கும் ஒரு கண்ணு வச்சிரலாமே” என்று பல பேர் என்னிடம் ஆசையாகக் கேட்டீர்கள். இல்லை. மாற்றி வைப்பது முன்னால் இருக்கும் கருவிழியை. என் கோளாறு உள்ளே விழித்திரையில். எனக்கு ஆகாது, வேறு இரண்டு பேருக்கு ஆகும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், வயசானவர் யாரும் கொடுக்கலாம்.

வந்த பெரிய தொகைகளில் ஒன்று கீழக்கரை லாத்தா (அக்கா) ஒருவர் தன் மகன் மூலம் துபாயிலிருந்து அனுப்பிய ஜகாத் பணம். பேர் வேண்டாம் என்றார், போடவில்லை. நேர்மாறாக, கொடுத்தவர்கள் படத்தையெல்லாம் போட்டுப் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்கலாம், பக்கத்தில் பார்வையில்லாத பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஒருவர் வற்புறுத்தினார். ஃப்ளெக்ஸில் தங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளால் பார்க்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. முடியாது என்றோம். அவர் கோபித்துக்கொண்டு கொடுப்பதாகச் சொன்ன பணத்தைக் கொடுக்கவில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் மாற்றிச் செய்திருக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஐயாவை மறந்தால் என் மனைவி சோறு போட மாட்டாள். மண்டபம் பக்கத்துப் பெண் ஒருவருக்கு ஏடிஎம் கார்டு தர ஒரு வங்கிக் கிளை மறுத்தது. பார்வை இல்லை, யாராவது ஏமாற்றிவிடுவார்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள். பார்வையில்லாதவர்களுக்குக் காசோலை, ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஐயா அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே போய் உட்கார்ந்தார். குரலே உயர்த்தவில்லை. மூன்றாவது தடவை போனபோது கார்டு வந்தது. அந்தப் பெண் இப்போது ரூபாய் நோட்டைப் போனிடம் காட்டி எத்தனை ரூபாய் என்று கேட்டுக்கொள்கிறார். ரிசர்வ் வங்கி 2020இல் விட்ட மணி செயலிதான். விரலால் அளந்து பாருங்கள், புது நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சந்தை நெரிசலில் அதைத் தடவிக் கண்டுபிடிக்க முடியுமா?

கடைசியாகப் பாதை. காசு சம்பந்தமில்லாத விஷயம், என் வரையில் இதுதான் பெரிசு. தீவில் இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கே ஆண்கடல் இரையும், வடக்கே பெண்கடல் கம்மென்று கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கண்டுகொள்ளலாம். ஆனால் காலுக்குக் கீழே கிடக்கும் நங்கூரக் கயிறு சத்தம் போடாது. நாங்கள் கோல் வாங்கியபோது இன்னொரு சிக்கல், கூர்முனை மணலில் குத்தி நின்றுவிடும், பிடி வயிற்றில் இடிக்கும். வல்லம் கட்டும் ஆசாரி ஒருவர் ரெண்டு நாள் யோசித்துவிட்டு, வலையில் கோக்கும் மிதப்பை முனையில் செருகிக் கொடுத்தார். மணல் மேல் உருண்டு போகிறது. தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் என்ன, கரையில் மிதப்புக்கா பஞ்சம்? 24 கோலுக்கும் அவரே மாட்டித் தந்தார், காசு வாங்கவில்லை.

அதைப் பார்த்த படகுக்காரர்கள் ஒரு சாயங்காலம் கூடிப் பேசி, எங்கள் தெரு முனையிலிருந்து தண்ணீர் வரை ஏழடி அகலத்துக்கு யாரும் குறுக்கே கயிறு கட்டுவதில்லை, வலை காயப் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். எழுதி வைக்கவில்லை, அபராதமும் இல்லை. 14 வருஷம் கழித்து யார் கையையும் பிடிக்காமல் நான் கடலில் கால் நனைத்தேன்.

கணக்கு: வந்தது 1,86,400 ரூபாய். மதுரைத் துணைக்கு 51,800, ஆறு பேருக்குப் போன் 51,000, முன்பணமும் ஒரு வருஷ வாடகையும் 44,000, கோல் 14,400, பிரெய்ல் சட்டகமும் தாளும் 6,200. மீதி 19,000 அடுத்த முகாமுக்கு. நோட்டு அறைக்குள் ஆணியில் தொங்குகிறது, எழுத்தில் ஒன்று, பிரெய்லில் ஒன்று. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம். வரும்போது செருப்பை வாசலுக்கு நேரே கழற்றாமல் ஓரமாகப் போடுங்கள், போன வாரம் இரண்டு பேர் தடுக்கி விழுந்தோம்.

அன்புடன்,
வலைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து
உங்கள் சகோதரன்