அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு கப்பல்

ஆர்லாண்டோ, ஃப்ளோரிடா

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். அடுத்த வருஷம் இங்கே வரும்போது, எங்களோடு சுற்றுவது போக, நீங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு கப்பல் பயணம் போகவேண்டும் என்று ஆசைப்பட்டாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து "இந்த வயசில் தேனிலவா?" என்று ஆரம்பிப்பார், அப்புறம் சொல்ல வந்த விஷயம் சிரிப்பிலேயே போய்விடும். எழுத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஏன் ஆளாளுக்குக் கப்பல் கப்பல் என்று பறக்கிறார்கள் என்று கேட்டாய். எங்கள் வீட்டைப் பார்த்தாலே புரியும். இந்த நாட்டில் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் கிடையாது. கம்பெனி பார்த்துக் கொடுப்பதுதான். எனக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம். இவருக்கு இரவு ஷிஃப்ட், எனக்குப் பகல். நான் காரை வெளியே எடுக்கும் நேரத்தில்தான் இவர் வீட்டுக்குள் வருவார். வார நாட்களில் எங்கள் குடும்பப் பேச்சு பாதிக்குமேல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டில்தான் நடக்கிறது: "பால் தீர்ந்துவிட்டது", "முன் டயரில் காற்று இல்லை". இப்படி இருக்கும்போது கிடைக்கிற லீவையும் ஹோட்டல் தேடுவதிலும் வழி தேடுவதிலும் கழிக்க யாருக்கு மனசு வரும்? கப்பலில் ஒரு தடவை பெட்டியைப் பிரித்து வைத்தால் போதும், ஊர்கள்தான் நம்மைத் தேடி வரும். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், டாம்பா என்று இந்த ஒரு மாநிலத்திலேயே எத்தனையோ துறைமுகங்கள். எங்களுக்குப் பக்கம் கனவெரல் துறைமுகம், காரில் ஒரு மணி நேரம். ராக்கெட் விடும் இடம் அதற்கு அடுத்தாற்போல்தான். அதிர்ஷ்டம் இருந்தால் கப்பல் மேல்தளத்தில் நின்றே ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கலாம்.

எங்கள் முதல் பயணத்துக்குக் கப்பல் தேடியபோது வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. இவருக்கு இருப்பதிலேயே பெரிய கப்பல் வேண்டும். ஐகான் ஆஃப் தி சீஸ் என்று ஒன்று, 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்தது. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், நிரம்பினால் 7,600 பயணிகள். தண்ணீர்ச் சறுக்கு மட்டும் ஆறு. வீடியோவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: ராத்திரிச் சாப்பாடு முடிந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை நாம் இரண்டு பேரும் என்ன செய்யப்போகிறோம்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்" என்றார். சும்மா உட்கார்ந்து பேச ஆறு சறுக்கு எதற்கு?

நீயும் அத்தானிடம் இதே கேள்வியைக் கேட்டுவிடு. விளம்பரத்தில் இருப்பதெல்லாம் பகல் வேளை. புருஷன் பெண்டாட்டி மட்டும் போகிற பயணத்துக்கு மாலையும் இரவும்தான் முக்கியம். பாட்டு, ஆட்டம், கூட்டம் என்றால்தான் இரண்டு பேருக்கும் உற்சாகம் என்றால் பெரிய கப்பலே சரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவற்றிலும் பெரியவர்களுக்கு மட்டும் என்று தனியிடம் ஒதுக்கியிருப்பார்கள். குழந்தைகளே இல்லாத கப்பலும் உண்டு. வர்ஜின் வாயேஜஸ் கம்பெனியின் கப்பல்களில் 18 வயசு நிரம்பாதவர்களை ஏற்றவே மாட்டார்கள். நாங்கள் எடுத்தது நடுத்தரமான ஒரு கப்பல். உங்களுக்கும் அந்த அளவுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். அத்தானுக்குக் கூட்டத்தில் நின்றால் பத்தே நிமிஷத்தில் முகம் மாறிவிடுமே.

அடுத்தது எத்தனை நாள் என்பது. மூன்று இரவுப் பயணம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை காலை திரும்பும். கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு கூத்தடிக்க வருகிற கும்பல் அதில்தான் ஏறும். திங்கள் கிளம்பி வெள்ளி திரும்பும் நான்கு இரவுப் பயணம் அந்த அளவுக்குச் சத்தமாக இருக்காது. முதல் தடவைக்கு அது போதும். ஏழு இரவு எடுத்து, இரண்டாம் நாளே அத்தானுக்குப் பிடிக்காமல் போனால் மிச்ச நாளெல்லாம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பயண அட்டவணையில் எங்கும் நிற்காத முழுக் கடல் நாள் ஒன்றாவது இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் ஒரு தீவில் இறக்கி ஏற்றினால் அது டூர் பஸ் மாதிரி ஆகிவிடும். இன்னொரு விஷயம், கரையில் நிற்கிற நாளில் இறங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பஹாமாஸில் நாசோ துறைமுகத்தில் எல்லாரும் இறங்கிப் போனபோது நாங்கள் கப்பலிலேயே இருந்துவிட்டோம். முந்தின நாள் ஒரு நாற்காலிக்கு அலைந்த நீச்சல் குளத்தில் எங்களையும் காவலுக்கு நின்ற பையனையும் தவிர ஆளே இல்லை.

அறை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. உள்ளறை என்று ஒன்று விற்பார்கள், ஜன்னலே இருக்காது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. நன்றாகத் தூக்கம் வரும், விலையும் குறைவு, தூங்க மட்டும் அறை வேண்டும் என்பவர்களுக்குச் சரி. அதற்கு மேலே ஜன்னல் அறை, அந்த ஜன்னல் திறக்காது. சில அறைகளில் ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும், அதை அப்ஸ்ட்ரக்டட் வியூ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் சொல்வது பால்கனி அறை. இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை, அவ்வளவுதான் இடம். நாங்கள் பயணத்தில் பாதியை அங்கேதான் கழித்தோம். கம்பி எப்போதும் உப்புப் பிசுபிசுப்பாக இருக்கும், சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவைத் திறந்தால் காற்று ஒரே இழுப்பாக இழுத்து மேஜைமேல் இருக்கிற சீட்டையெல்லாம் வாரிக்கொண்டு போகும், கதவு படாரென்று அடிக்கும், விரலை வைத்துவிடாதே. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் கப்பல் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். இவர் அன்றைக்குப் பேசியதுபோல் வீட்டில் பேசி நான் கேட்டதே இல்லை. என்ன பேசினார் என்று கேட்காதே, எழுதமாட்டேன்.

பால்கனி அறையிலும் எது என்று பார்த்து எடுக்கவேண்டும். எந்தத் தளத்தில் எந்த அறை என்று காட்டுகிற வரைபடம், டெக் பிளான் என்பார்கள், அது கிடைக்கும். இவர் அதை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, வேண்டாத அறைகளையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தார். நம் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கவேண்டும், அதுதான் கணக்கு. மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே நாடக அரங்கமோ டான்ஸ் கூடமோ இருந்தால் நடுராத்திரி வரை தாளம். லிஃப்டை ஒட்டின அறை வேண்டாம். பக்கத்து அறைக்குப் போக நடுவில் கதவு வைத்த அறையும் வேண்டாம், அடுத்தவர் இருமினாலும் கேட்கும். கப்பலின் நடுப்பகுதியில், கொஞ்சம் கீழ்த்தளமாக இருந்தால் ஆட்டம் குறைவு. எண் குறிப்பிடாமல் "கேரண்டி" என்று சொல்லி விலை குறைத்துத் தருவார்கள். அதில் அறையை அவர்கள்தான் ஒதுக்குவார்கள், இவர் வேண்டாம் என்று அடித்த அறைகளில் ஒன்றே நம் தலையில் விழலாம். கட்டில் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் சில அறைகளில். சேர்த்துப் போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள். அதை நானே பதிவு செய்யும்போது எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீ வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டுவிடுவாய்.

அத்தானுக்குப் பஸ்ஸிலேயே ஜன்னல் ஓரம் வேண்டும், கப்பல் ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை உனக்கு இருக்கும். இப்போதைய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்க அடியில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரித் துடுப்புகள் இருக்கின்றன. ஆனால் ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் வடகாற்று அதற்கு எதிராக அடித்தால் அலை எழும்பும். அன்று மட்டும் கொஞ்சம் தெரியும். கிளம்புவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் குமட்டலுக்கு மாத்திரை கேட்டு வாங்கி வைத்துக்கொள். வயிறு பிரட்டுவதுபோல் இருந்தால் பால்கனியில் நின்று தொடுவானத்தைப் பார்க்கச் சொல். பால்கனிக்கு இது இன்னொரு காரணம்.

டைட்டானிக்கைப் பற்றியும் அத்தான் கட்டாயம் கேட்பார். அந்த விபத்துக்குப் பிறகு 1914-இல்தான் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமே வந்தது என்று சொல். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பல் கவிழ்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறியிருந்த பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே தந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்பும்போதே அந்தப் பயிற்சியை முடித்தாகவேண்டும். கொஞ்ச நேர வேலைதான், தட்டிக்கழிக்காமல் போய்விடுங்கள்.

மாதம் பற்றி. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் காலம், செப்டம்பரில் உச்சம். அப்போது டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஆனால் போகவேண்டிய தீவை மாற்றிவிடலாம், அதற்கு அவர்களுக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை உண்டு. மார்ச்சில் மாணவர்களுக்கு விடுமுறை, கோடையில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள். ஜனவரி கடைசி அல்லது டிசம்பர் முதல் இரண்டு வாரம் என்றால் கூட்டம் குறைவாக இருக்கும். என் ஓட்டு ஜனவரிக்கு.

பணக்கணக்கில் ஒன்று. விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் ஓர் ஆளுக்கு, அதுவும் அறையில் இரண்டு பேர் தங்குவதாக வைத்து. டிப்ஸ் என்று ஆளுக்கு இவ்வளவு என நாள்தோறும் தனியாகக் கணக்கில் ஏற்றுவார்கள். மதுவுக்கு மொத்தமாக ஒரு பேக்கேஜ் விற்பார்கள். இவர் எப்போதாவது ஒரு பியர் குடிப்பவர். அவர் பேக்கேஜ் எடுத்தால் அதே அறையில் இருக்கும் நானும் எடுக்கவேண்டுமாம். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம். கப்பல் ஏறினதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நடுக்கடல் ரோமிங்கில் பில் தீட்டிவிடும்.

பெட்டியில் மெழுகுவர்த்தி வைக்காதே. ஏதோ ரொமாண்டிக்காக இருக்கட்டும் என்று நினைப்பாய், தீ பயத்தில் அதைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்வார்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதுவும் ஆகாது. காந்தம் மட்டும் கொண்டுவா! அறைக் கதவெல்லாம் இரும்பு. கல்யாண நாள் கொண்டாட வருகிறவர்கள் காந்தம் வைத்து அட்டை, பூ, இரண்டு பேரும் இளமையில் எடுத்த போட்டோ எல்லாம் ஒட்டி வைத்திருப்பார்கள். எங்கள் வரிசையில் ஒரு வயதான தம்பதி ஒட்டியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கதவைத் தட்டி வாழ்த்திவிட்டுப் போனார்கள். அத்தானை யாரென்றே தெரியாத வெள்ளைக்காரப் பாட்டிகள் கன்னத்தைக் கிள்ளி வாழ்த்துவதைப் பார்க்கவாவது நான் கூட வரவேண்டும்போல் இருக்கிறது. வரமாட்டேன், பயப்படாதே.

இப்போது நீ செய்யவேண்டியது. கப்பல் பஹாமாஸ் போய்த் திரும்புவதால் அமெரிக்காவைவிட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருவதாகக் கணக்கு. உங்கள் விசாவில் எண்ட்ரீஸ் என்ற இடத்தில் எம் என்ற எழுத்து இருக்கிறதா பார். இருந்தால்தான் பலமுறை நுழையலாம். பாஸ்போர்ட், விசா இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. தீவில் இறங்க வேறு விசா தேவையா என்பதைக் கப்பல் கம்பெனியிடம் நான் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுகிறேன். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பலில் நடக்கும் வைத்தியமும் அதில் சேருமா என்று கேள், கப்பல் டாக்டர் சும்மா பார்க்கமாட்டார். வந்து இறங்கின வாரத்தில் கப்பல் வேண்டாம், நேர வித்தியாசத்தில் கெட்ட தூக்கம் சரியாக ஒரு வாரமாவது எங்கள் வீட்டில் இருங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்வோம் என்ற அந்தக் கேள்வியை அத்தானிடம் கேட்டுப் பதில் எழுது. "டிவி பார்ப்பேன்" என்று சொன்னால் உள்ளறையே போட்டுவிடுகிறேன் என்று மிரட்டு.

அன்புடன்,
உன் தங்கை