செயலாளரின் ஆண்டறிக்கை: பட்டம் ஏற்போர் மண்ணில் ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நைஜீரியாவின் எனுகு நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான நம் சங்கத்தின், கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு வழியனுப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. தமிழ் வகுப்புக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

அறிக்கையின் பெரும்பகுதி வேறொன்றைப் பற்றியது. சென்ற பொதுக்குழுவில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "பத்து, பதினைந்து ஆண்டுகளாக இந்த மண்ணின் சோற்றைத் தின்கிறோம். நம் வீட்டுக்காரரின் அண்ணன் சிவப்புத் தொப்பி வைக்கப்போகிறார் என்று தெருவே பேசுகிறது. அது என்னவென்று நம்மில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அவையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாதக் கூட்டங்களில் சிலவற்றை, இந்த மண்ணின் இக்போ மக்கள் சிவப்புத் தொப்பி அணிந்து பட்டமேற்கும் வழக்கத்துக்கென ஒதுக்குவது என்று அன்றே தீர்மானித்தோம்.

முதல் கூட்டத்துக்கு வீட்டுக்காரரையே அழைத்திருந்தோம். அவர் கோலாக் கொட்டையோடு வந்தார். "கோலா கொண்டுவருபவர் உயிரைக் கொண்டுவருகிறார்" என்பது இங்குள்ள சொல். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்றும் சொல்வார்கள். அதனால் அதை உடைக்குமுன் வேண்டுதலை இக்போ மொழியில்தான் சொல்ல வேண்டும். நான்கு பருப்பாகப் பிளந்தது. எகே, ஓரியே, அஃபோ, என்க்வோ என்னும் நான்கு சந்தை நாட்களே இக்போ வாரம் என்பதால் அதை நல்ல குறியாகக் கொண்டார். பிறகு சொன்ன முதல் வாக்கியம்: "இக்போ என்வே எஸே." இக்போவுக்கு அரசன் இல்லை.

முழு உண்மையில்லை என்று அவரே திருத்தினார். நிரி என்னும் ஊரில் பூசாரி அரசர் உண்டு, ஒனிட்சாவில் ஓபி என்னும் அரசர் உண்டு. ஆனால் பெரும்பாலான ஊர்களில் பழங்காலத்தில் முடிசூடிய ஒருவர் இருந்ததில்லை. வம்சத்தின் மூத்தவர்கள், ஒத்த வயதுக் குழுக்கள், பட்டம் ஏற்றவர்கள் ஆகியோர் கூடிப் பேசித்தான் ஊர் நடந்தது. இவர்களில் பட்டம் ஏற்றவரின் இடம் தனி. மூப்பு தானாக வரும், வம்சம் பிறப்போடு வரும். பட்டத்தை ஒருவர் உழைத்துத்தான் அடைய வேண்டும். தகப்பன் பெரும் பட்டக்காரராக இருந்தாலும் மகன் தன் பட்டத்தைத் தன் பொருளில்தான் ஏற்க வேண்டும். "கையைக் கழுவிய பிள்ளை பெரியவர்களோடு உட்கார்ந்து உண்ணலாம்" என்பது இக்போ பழமொழி. இந்த ஒரு பழமொழிக்குள் பட்டத்தின் பாதிக் கதை இருக்கிறது.

ஊருக்கு ஊர் பட்டங்களின் பெயரும் வரிசையும் மாறும். அனாம்பிரா பகுதியில் ஓஸோ என்னும் பட்டம் உயர்ந்தது. ஏற்க விரும்புபவர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குப் பணம் செலுத்த வேண்டும். ஆடு, மாடு, பெருவள்ளி இனத்து யாம் கிழங்கு, பனங்கள் கொண்டு அவர்களுக்கும் ஊருக்கும் விருந்து வைக்க வேண்டும். செலுத்திய பணம் பழைய பட்டக்காரர்களுக்குள் பகிர்ந்துகொள்ளப்படும். பிறகு புதியவர்கள் சேரும்போது இவருக்கும் பங்கு வரும். நம் ஊர் மொய் நினைவுக்கு வரவில்லையா என்று நம் பொருளாளர் கேட்டார். ஒருவகையில் ஆமாம். முதுமையில் உழைக்க முடியாதபோது அந்தப் பங்கு கைகொடுக்கும். ஆனால் மொய்யோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொண்டால் முக்கியமானதைத் தவறவிடுவோம். தான் சேர்த்ததை ஊர் பார்க்க இறைத்தவரிடம்தான் ஊர் தன் வழக்கைக் கொண்டுபோகிறது. அவர் கையில் ஓஃபோ என்னும் கட்டை இருக்கும். அந்த மரத்தின் கிளை வெட்டப்படாமல் தானாக முறிந்து விழுவது. அதைப் பிடித்துப் பேசும் வாய் பொய் சொல்லக் கூடாது. ஓஸோ ஏற்றவர் பொய்ச்சாட்சி சொல்லவோ பிறர் பொருளைத் தொடவோ கூடாது. தலையில் சுமை தூக்குவதும் உயர்ந்த பனையில் ஏறுவதும் கூடாது. எல்லா வீட்டிலும் கை நனைக்கவும் முடியாது. பட்டம் ஏற்ற மறுநாளிலிருந்து அவர் செய்யக் கூடாதவற்றின் பட்டியல்தான் நீளும், செய்யக்கூடியவை குறையும்.

இக்போ எழுத்தாளர் சினுவா ஆச்சிபி 1958-இல் வெளியிட்ட நாவலைத் தமிழில் படித்தவர்கள் நம்மில் நான்கு பேர் இருந்தார்கள். பெண்ணைக் குறிக்கும் 'அக்பாலா' என்ற சொல், பட்டம் ஏதும் ஏற்காத ஆணையும் குறிக்கும் என்று அதில் வருவதை ஒருவர் நினைவூட்டினார். தகப்பனை அப்படி அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவனின் அச்சம்தான் அந்தக் கதையை இழுத்துச் செல்கிறது. இதைக் கேட்டதும் நம் பெண் உறுப்பினர்கள், அப்படியென்றால் பெண்ணுக்குப் பட்டமே இல்லையா என்று கேட்டு, அடுத்த கூட்டத்தைத் தாங்களே நடத்துவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

அது ஆகஸ்டில் நடந்தது. இக்போ பெண்கள் நாடெங்கிலுமிருந்து கணவர் ஊருக்குத் திரும்பி ஆகஸ்டு கூட்டம் கூடும் மாதம் அது. பக்கத்து வீட்டு அம்மையார் மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தும் வந்து பேசினார். ஒனிட்சாவில் கனத்த தந்தக் காப்புகளைக் காலில் அணியும் ஓடு சங்கத்துப் பெண்களைப் பற்றிச் சொன்னார். நோபியில் இடெமிலி தெய்வத்தோடு இணைத்துப் பேசப்படும் எக்வே பட்டத்தைப் பற்றியும் சொன்னார். அது விவசாயத்திலும் வாணிகத்திலும் கைதேர்ந்த பெண் ஏற்பது. ஓஸோ ஏற்றவரின் மனைவியை 'லோலோ' என்று மரியாதையாக அழைப்பார்கள். ஆனால் எக்வே கணவன் வழியாக வருவதில்லை. இந்த வேறுபாட்டை அவர் இரண்டு முறை சொன்னார். இந்த ஆண்டின் கூட்டங்களில் மிக நீண்டது இதுதான். ஆண்கள் அதிகம் குறிப்பெடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இக்போ-உக்வு என்னும் ஊருக்குப் பயணம் அக்டோபரில். 1938-இல் ஐசையா அனோஸி என்பவர் தன் வீட்டு வளாகத்தில் நீர்த்தொட்டிக்காகத் தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. பின்னர் 1959-60-லும் 1964-லும் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா அங்கே அகழாய்வு செய்தார். ஓர் அறைக்குள், முக்காலியில் உட்கார வைத்துப் புதைத்த ஒரு பெரிய மனிதர். அவரைச் சுற்றி யானைத் தந்தங்கள், செம்பு அணிகள், விசிறியின் பிடி. அகழ்ந்த மூன்று இடங்களிலுமாகச் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள். காலம் ஏறக்குறைய ஒன்பதாம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். நிரியின் பூசாரி அரசர் மரபோடும் பட்ட மரபோடும் ஷா இதை இணைத்துப் பார்த்தார். வெண்கல முகங்கள் சிலவற்றில் நெற்றியிலும் கன்னத்திலும் கோடுகள் இருக்கின்றன. பட்டத்துக்கு உரியவரின் முகத்தில் இச்சி என்னும் வடுவை இடும் வழக்கம் அண்மைக்காலம்வரை இருந்தது. அடிமையாக விற்கப்பட்டு, விடுதலை பெற்று, 1789-இல் தன் வாழ்க்கையை எழுதிய ஓலாவுடா ஈக்வியானோவும் தன் தந்தையின் நெற்றியில் அந்த வடு இருந்ததாகவும், தனக்கும் அது இடப்படவிருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அது இடப்படுமுன்பே அவரைக் கடத்திவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது என்னால் தொடர முடியவில்லை. வேனை ஓட்டிவந்த தம்பிதான் மீதியைச் சொல்லி முடித்தார்.

திரும்பும் வழியில் கல்லூரியில் படிக்கும் நம் பெண்ணொருத்தி கேட்டாள்: "உழைத்தால் யார் வேண்டுமானாலும் ஏற்கலாமா, மாமா?" நவம்பர் கூட்டம் முழுவதும் அந்தக் கேள்விக்கே போனது. விடை, இல்லை என்பதுதான். அடிமைகளின் வழிவந்தவர்களுக்கும் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட ஓசு மக்களுக்கும் ஓஸோ மறுக்கப்பட்டது. ஓசு குடும்பத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. கிழக்குப் பிராந்திய சட்டமன்றம் 1956-இல் இந்த ஒதுக்கலைச் சட்டத்தால் ஒழித்தது. கல்யாணப் பேச்சு வரும்போது இன்றும் விசாரிக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் தலைகுனிந்து சொன்னார். இதையெல்லாம் ஆண்டறிக்கையில் எழுத வேண்டுமா, நம்மை வாழவைக்கும் ஊராயிற்றே என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். பெண் பார்க்கப் போகுமுன் தெருப்பெயரை வைத்துச் சாதியைக் கணக்கிடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஓஸோவின் அழகை மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால் நாம் எதையும் படித்ததாக ஆகாது.

டிசம்பரில் வீட்டுக்காரரின் அண்ணன் பட்டம் ஏற்றார். கிறிஸ்துமஸை ஒட்டி வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பும் நாட்கள். அவ்காவுக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்துக்கு நாம் பதினான்கு பேர் போயிருந்தோம். உள்முற்றத்தில் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை. பட்டம் ஏற்காதவர் அங்கே நுழையக் கூடாது, கேட்கவும் இல்லை. அவர் வெள்ளாடை உடுத்தி, கணுக்காலில் நூல் கட்டி, சிவப்புத் தொப்பியில் கழுகிறகு செருகி வெளியே வந்தபோது ஓஜாக் குழல் அவருடைய புதுப் பெயரை ஊதியது. அதுவரை பெயர் சொல்லி அழைத்த தம்பி, அந்தக் கணத்திலிருந்து பட்டப்பெயரால் அழைத்தார். ஒரு கையில் தோல் விசிறி, மறு கையில் ஆலோ என்னும் இரும்புக் கோல். அவ்காவின் கொல்லர்கள் பெயர்பெற்றவர்கள். இந்தக் கோலும் அங்கேயே அடித்தது. இறைச்சியைப் பங்கிட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. யார் எப்போது பட்டம் ஏற்றார்களோ அந்த வரிசைப்படி, சரியான துண்டு சரியான கைக்குப் போனது. ஒரு துண்டு தவறான கைக்குப் போனதும் பேச்சு நின்றது. திருத்திய பிறகுதான் விருந்து தொடர்ந்தது.

விழாவில் பாதிரியாரும் இருந்தார். பலியும் பழைய வழிபாடும் சேர்ந்திருந்ததால் தேவாலயங்கள் நெடுங்காலம் ஓஸோவை எதிர்த்தன. அவற்றை நீக்கிய முறையில் இப்போது பல ஊர்களில் கிறிஸ்தவர்கள் ஏற்கிறார்கள். நீக்கியபின் மிஞ்சுவது அதே பட்டம்தானா என்று அங்கேயே இரண்டு முதியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். விவாதம் முடியுமுன் நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது.

இனி, இந்த அவை முடிவெடுக்க வேண்டிய விஷயம். இருபது ஆண்டுகளாக இங்கே கணிதம் கற்பிக்கும் நம் உறுப்பினருக்கு, அவர் பணிபுரியும் ஊரின் இக்வே (இன்று ஊரின் பாரம்பரியத் தலைவரை அழைக்கும் பெயர்) கௌரவப் பட்டம் வழங்க முன்வந்திருக்கிறார். பட்டத்தின் பெயர் 'ன்வான்னே டி நா ம்பா'. அயல்மண்ணிலும் உடன்பிறப்பு உண்டு என்று பொருள். ன்வான்னே என்றால் தாயின் பிள்ளை. விழாச் செலவில் ஒரு பகுதியைச் சங்க நல நிதியிலிருந்து தரலாம் என்று ஒரு தீர்மானம் வந்துள்ளது.

இதை நான் எதிர்க்கிறேன். காரணத்தைச் சொல்ல 1929-க்குப் போக வேண்டும். இங்கே அரசரைத் தேடிக் காணாத ஆங்கிலேயர், தங்களுக்கு வசதியானவர்களிடம் ஒரு பத்திரத்தைக் கொடுத்துத் தலைவர் ஆக்கினார்கள். ஊருக்கு உணவிட்டு உயர்ந்தவர்கள் பலரை விட்டுவிட்டு, காகிதம் பெற்றவர்கள் வழக்குத் தீர்த்தார்கள், லஞ்சம் வாங்கினார்கள். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு ஒலோகோ என்னும் ஊரில் எழுந்தபோது பெண்கள் திரண்டார்கள். காகிதம் பெற்ற அந்த ஊர்த் தலைவரிடம் அவர்கள் கேட்டது, தலைமையின் அடையாளமான அவருடைய தொப்பியை. போராட்டம் பரவி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர் தராத தொப்பியைக் கழற்றச் சொல்லும் உரிமை ஊருக்கு உண்டு என்று அவர்கள் நம்பினார்கள்.

இக்வே தரும் கௌரவப் பட்டம் ஓஸோ அல்ல. அது ஒருவர் ஏற்பதல்ல, ஒருவருக்கு வழங்கப்படுவது. பணத்தின் மூலம் எதுவென்று கேட்காமல் அதைக் கொடுக்கிறார்கள் என்ற வருத்தம் இங்குள்ள பெரியவர்களுக்கே இருக்கிறது. நம் ஆசிரியர் இந்தக் கௌரவத்துக்கு முழுத் தகுதி உடையவர். அவரிடம் படித்த பிள்ளைகளே அதற்குச் சாட்சி. அவர் அதை ஏற்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். ஆனால் நல நிதி நோயாளிக்கும் வேலை இழந்தவருக்கும் உரியது. பட்டம் ஏற்பவர் தன் கையிலிருந்து கொடுப்பதுதான் இந்த மண்ணின் முறை என்பதை ஓர் ஆண்டு முழுதும் படித்துவிட்டு, நாம் பொதுப்பணத்தில் கொடுக்கலாமா? ஆசிரியரும் இதையே செயற்குழுவுக்குக் கடிதமாகத் தந்திருக்கிறார். உறுப்பினர்கள் அவரவர் விருப்பப்படி தருவதை யாரும் தடுக்கவில்லை. முடிவு உங்கள் கையில்.

விழா ஈஸ்டருக்குப் பிந்திய சனிக்கிழமை. வருபவர்கள் இந்த மாத இறுதிக்குள் பெயர் கொடுங்கள். அங்கே பட்டம் ஏற்ற பெரியவர்கள் ஒருவரையொருவர் புறங்கையால் மூன்று முறை தொட்டு, பிறகு கை குலுக்குவதைப் பார்ப்பீர்கள். அது அவர்களுக்குள் உரியது. நாம் முயலக் கூடாது. நாம் எப்படி வணங்குவது என்று வீட்டுக்காரரின் அண்ணனிடம் கேட்டேன். விசிறியை மடியில் வைத்துவிட்டு, இரு கைகளையும் நம்மைப் போலவே கூப்பிக் காட்டினார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்