ஆல்ஃபிரட் மன்னரின் பெயரைத் தாங்கிய பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் ஆட்சிக் குழுவினருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்டவர் ஆல்ஃபிரட் மன்னர். அவர் பிறந்த வான்டேஜ் உட்பட இங்கிலாந்தின் சில ஊர்களில் அவருடைய பெயரில் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கேட்டால், அடுப்பில் ரொட்டியைக் கருகவிட்டு ஒரு பெண்ணிடம் திட்டு வாங்கிய கதைதான் முதலில் வருகிறது. மன்னர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதை அது. அவரே எழுதிய ஒரு மடல் இருக்கிறது. அதை உங்கள் வகுப்பறைகளில் படிக்க வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

போப் கிரிகோரியின் நூல் ஒன்றை ஆங்கிலமாக்கி ஆயர்களுக்கு அனுப்பியபோது முன்னுரையாகச் சேர்த்த மடல் அது. தாம் 871இல் அரியணை ஏறியபோது, தேம்ஸ் நதிக்குத் தெற்கே லத்தீனில் வந்த ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை என்கிறார். வைக்கிங்குகளை மட்டும் அவர் பழிக்கவில்லை. எல்லாம் எரிந்து சாம்பலாவதற்கு முன்பே, நூல்கள் நிறைந்த தேவாலயங்களில் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள ஆளில்லை, ஏனென்றால் அவை மக்களின் மொழியில் இல்லை என்கிறார். அவர் கண்ட வழி: பிள்ளைகள் முதலில் ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கப் பழகட்டும், மேலே செல்பவர்களுக்கு லத்தீன் பிறகு. தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்த எனக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வரிகள் நெஞ்சைத் தொட்டன.

அதற்கு அவர் பணமும் ஒதுக்கினார். அவரை நேரில் அறிந்த வேல்ஸ் துறவி ஆசெர் கணக்கை விவரமாகவே சொல்கிறார். அரச வருவாயில் பாதி இறைப்பணிக்கு. அந்தப் பாதி நான்கு பங்காகும்: ஒன்று ஏழைகளுக்கு, ஒன்று மன்னர் நிறுவிய இரண்டு மடங்களுக்கு, ஒன்று பள்ளிக்கு, மற்றொன்று பிற மடங்களுக்கு. ஆக, அரசின் மொத்த வருவாயில் எட்டில் ஒரு பங்கு பள்ளிக்கே போனது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் நீதி வழங்கிய அதிகாரிகளுக்கோ, கற்றுக்கொள்ளுங்கள் அல்லது பதவியை விடுங்கள் என்று கட்டளை. முதிய வயதில் எழுத்துக்கூட்டிப் படித்த அந்தப் பெரியவர்களைப் பற்றி எந்தப் பிள்ளைதான் ஆர்வத்தோடு கேட்காது!

அந்த இரண்டு மடங்களில் ஒன்று அதெல்னி. 878இல் டேனியர் என்ற அந்த வைக்கிங்குகளுக்குத் தப்பி மன்னர் ஒளிந்திருந்த சதுப்பு நிலத்து மேடு. உள்ளூரில் துறவறம் ஏற்க ஆளில்லாததால் கடல் கடந்து துறவிகளை வரவழைத்தார். அதன் முதல் மடாதிபதி ஜான், சாக்சனி நாட்டவர். அறிவைத் தேடி அயலாரை அழைத்த மன்னர் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். மற்றொன்று ஷாஃப்ட்ஸ்பரியில் இருந்த கன்னியர் மடம். அதன் முதல் தலைவி மன்னரின் மகள் எத்தெல்கிஃபு. எட்டாம் ஹென்றி காலத்தில் 1539இல் இரண்டும் மூடப்பட்டன. அதெல்னியில் இன்று இருப்பது 1801இல் எழுப்பிய நினைவுச் சின்னம் மட்டுமே. ஷாஃப்ட்ஸ்பரியில் அடித்தளக் கற்களைப் பார்க்கலாம். பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, இங்கேதான் உங்கள் பள்ளியின் பெயருக்குரியவர் கல்விக்கு இடம் தேடினார் என்று சொல்லுங்கள்.

குறையையும் மறைக்க வேண்டாம். அந்த மடலில் அவர் படிக்க வைக்க விரும்பியது அடிமையல்லாத, வசதியுள்ள வீட்டு இளைஞர்களைத்தான். அடிமைகளின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. யார் விடுபட்டார்கள், ஏன் விடுபட்டார்கள் என்று பதினோரு வயதுப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் பாடவேளையில் இடம் கொடுங்கள்.

மடல் சில பக்கங்களே. இன்றைய ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கிறது. வரும் கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே, புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
இங்கிலாந்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெற்றோர்