சுவர் இல்லாத சமையற்கட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வடக்கு நோர்வே பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அங்குள்ள பழங்குடியினரான சாமி மக்களின் கூடாரத்தில் சமையலறை என்று ஒன்றும் கிடையாது, நடுவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அது சரியில்லை. சுவர்தான் இல்லையே தவிர, அந்த வட்டத்துக்குள் எது எங்கே, யார் எங்கே என்பதெல்லாம் கறாராக வகுத்தது.

லாவ்வு என்கிற கூடாரமானாலும் சரி, புல்மண் போர்த்திய கோவாத்தி குடிலானாலும் சரி, நடுவில் கல் அடுக்கிய அடுப்பு, அதற்குப் பெயர் ஆர்ரான். இரண்டு பக்கமும் பிர்ச் மரக் குச்சிகளைப் பரப்பி மேலே கலைமான் தோல் விரித்திருப்பார்கள். உட்காருவதும் படுப்பதும் அங்கேதான். வாசலுக்கு நேர் எதிரே, அடுப்புக்குப் பின்னால் இருப்பது போவாஷ்ஷு. பாத்திரமும் உணவுப் பொருளும் வைக்கிற அதுதான் சமையற்கட்டு. முன்காலத்தில் பூசை முரசு இருந்ததும் அங்கேதான், வேட்டை இறைச்சியைக்கூட முன்வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கத் திறப்பு வழியாக அங்கே கொண்டுவருவார்களாம். அப்போதெல்லாம் பெண்கள் அதற்குள் கால் வைக்கக் கூடாது என்றிருந்தது; 17-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளைப் பார்த்தால் இறைச்சி சமைத்தது ஆண்கள். இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில் அடுப்புக்கு அடியிலேயே குடியிருந்தது மட்டும் ஒரு பெண் தெய்வம், பிரசவத்துக்குத் துணை நிற்கும் சாராக்கா!

கட்டுரையாளர் குடித்த 'மான் சூப்' அநேகமாக பீடோஸ். கலைமான் இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு, நிதானமாக வேகவிட்டால் போதும். கல்யாண விருந்துச் சாப்பாடு அது, "காரமே இல்லை" என்று குறைப்பட்டால் எப்படி? காபியையும் விட்டுவிட்டார். காய்ந்த கலைமான் இறைச்சியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவிக் காபியில் போட்டுக் குடிப்பார்கள், சீஸ் துண்டும் போடுவார்கள். சூட்டில் அந்த சீஸ் உருகாது, மெத்தென்று ஊறி, கடித்தால் பல்லில் கிறீச்சிடும். உப்பும் கொழுப்புமாக அந்தக் காபி எல்லாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று. படக்குறிப்பில் 'லாப் இனத்தவர்' என்று போட்டிருக்கிறீர்கள். அது வெளியார் வைத்த பெயர், அவர்கள் அதை இழிவாகவே எடுத்துக்கொள்வார்கள். இணையப் பதிப்பிலாவது 'சாமி' என்று மாற்றிவிடுங்கள். கோயில் சாமி என்று யாராவது குழம்பினால் அடிக்குறிப்பு ஒன்று போட்டால் போயிற்று.

— ஒரு வாசகர், ட்ரோம்சோ