மூளை இல்லாத லேப்டாப்

விருதுநகர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குத் திட்டாதே. ஜிஎஸ்டி வந்த பிறகு மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எனக்கு அமாவாசை, பௌர்ணமி மாதிரி. ஒன்றில் கடைகளின் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, இன்னொன்றில் வரிக் கணக்கான 3பி தாக்கல் செய்ய வேண்டும். அது ரெண்டும் கழிந்தால்தான் நான் மனுஷன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தெருவையே அதட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "லேப்டாப் வேண்டாம்ப்பா, ஒரு டாக் மட்டும் வாங்கிக் கொடு, போனைச் சொருகினால் அதுவே கம்ப்யூட்டர்" என்று யாழினி சொல்கிறாள், அது நிஜமா புருடாவா என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான் மாப்ள. இந்தக் கடிதத்தையே அதில்தான் அடிக்கிறேன். எட்டு மாதமாக என் பையில் கிடக்கிறது. ஆனாலும் என் மருமகளுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிடாதே. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும்.

பார்வைக்கு அது லேப்டாப்பேதான். பதின்மூன்று அங்குலத் திரை, கீபோர்டு, டச்பேட், உள்ளே பேட்டரி. பிராசஸர் கிடையாது, ராம் கிடையாது, ஹார்ட் டிஸ்க் கிடையாது. திறந்து பட்டனை அழுத்தினால் சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தூங்கிப் போகும். தலையில்லா முண்டம். போனிலிருந்து ஒரு வயரைச் சொருகு, உயிர் வந்துவிடும். போன் திரையையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று நினைக்காதே. கீழே டாஸ்க்பார், பக்கத்தில் பக்கத்தில் ஜன்னல்கள், மவுஸ் அம்பு, ஆல்ட்-டேப், கன்ட்ரோல்-சி எல்லாம் உண்டு. சாம்சங்கில் இதற்கு டெக்ஸ் என்று பெயர், மோட்டோரோலாவில் ரெடி ஃபார் என்று வந்தது. வேலையைச் செய்வது முழுக்க போன்தான். டாக் அதற்குத் திரையும் கையும் கொடுக்கிறது, சார்ஜும் ஏற்றிவிடுகிறது.

நான் வாங்கிய கதையே ஒரு கூத்து. சாத்தூரில் ஒரு பையன் பழசாக விற்கிறான் என்று கேள்விப்பட்டு, பேரம் பேசி, மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன். வந்த வேகத்தில் உன் தங்கச்சியின் போனை எடுத்துச் சொருகினேன். சார்ஜ் ஏறியது, திரை கறுப்பு. திருப்பிச் சொருகினேன், ஊதிப் பார்த்தேன், ஆஃப் செய்து ஆன் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பையன் தலையில் கட்டிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். தப்பு அவன்மேல் இல்லை. டைப்-சி ஓட்டை எல்லாப் போனிலும் ஒரே வடிவம். அதற்குள் 24 பின் வைக்க இடம் இருக்கிறது, ஆனால் விலை குறைந்த போன்களில் பழைய யூஎஸ்பி 2.0-வுக்கு வேண்டிய இணைப்பு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். படம் வெளியே போக டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்கிற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். கல்யாண மண்டப வாசல் மாதிரி வைத்துவிட்டு உள்ளே ஒற்றை அறை கட்டினால் என்ன செய்வது! பிறகு என் போனைச் சொருகினேன், அதுவும் கறுப்பு. அந்த முறை குற்றவாளி வயர். போனோடு வருகிற சார்ஜர் வயரில் பெரும்பாலும் படம் போகாது, வீடியோ கடத்தும் வயர் தனி. டாக்கோடு வந்த வயர் மஞ்சப்பையின் அடியிலேயே கிடந்தது. ராத்திரி பத்தரைக்குத் திரை எரிந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

என் வேலை உனக்குத் தெரியும். காலையில் பருப்பு மண்டி, மதியம் வத்தல் மண்டி, சாயந்திரம் ரெண்டு எண்ணெய்க் கடை. ஒவ்வொரு இடத்திலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுவார்கள், அதில் உட்கார்ந்து பில்லைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். முன்பு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதன் பேட்டரி செத்து ரெண்டு வருஷம், கரன்ட் போனால் நானும் போவேன். டாக்கில் அந்தக் கவலை இல்லை. வத்தல் தூள் கீபோர்டு இடுக்கில் இறங்கினாலும் உள்ளே ஃபேன் இல்லாததால் சூறாவளி மாதிரி உறிஞ்சிக்கொள்வதில்லை. தும்மல் எனக்கு மட்டும்தான். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் கம்ப்யூட்டரில் வருகிற மாதிரியே வருகிறது. ஓடிபி வந்தால் பையைத் துழாவ வேண்டாம், ஓரத்தில் தானே எட்டிப் பார்க்கும்.

இவ்வளவு நல்லது சொல்கிறவன் ஏன் வேண்டாம் என்கிறேன்? டாலி. கணக்கு எழுதுகிற மென்பொருள். நான் சோறு தின்பது டாலியால், டாலி ஓடுவது விண்டோஸில், போனில் இருப்பது ஆண்ட்ராய்டு. போனுக்குச் சக்தி போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. நாம் படிக்கிற காலத்தில் லேபில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தோமே, அந்த ஏசி அறையில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரையும் சேர்த்தாலும் இன்றைக்கு ஒரு போனுக்கு ஈடாகாது. நமக்கு வேண்டிய மென்பொருளை அதற்காக யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறேன். வீட்டில் பழைய டெஸ்க்டாப்பை ஓடவிட்டு, மண்டியிலிருந்து இன்டர்நெட் வழியாக அதன் திரையை டாக்கில் திறந்து டாலி போடுகிறேன். ஆக, டாக்கிலிருந்து போனுக்கு, போனிலிருந்து வீட்டுக்கு என்று ஒரு எழுத்து அடிக்க மூன்று பேர் கைகோக்க வேண்டும். முதல் வாரம் அருமையாக ஓடியது. எட்டாம் நாள் பன்னிரண்டு மணிக்குத் தொடர்பு அறுந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். "ஆளே இல்லாம சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு, கரன்ட் பில்லு யாரு கட்டுறதுன்னு நாந்தான் அமத்துனேன்" என்றாள் உன் தங்கச்சி. இப்போது சுவிட்சுக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், "சாமி சத்தியமாக அணைக்காதே" என்று.

இன்னொன்று, டாலியில் விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. இந்த டாக்கில் அந்த வரிசைச் சாவிகள் சத்தம் கூட்டவும் வெளிச்சம் குறைக்கவும்தான் முதலில் வேலை செய்யும், எஃப்என் சாவியைச் சேர்த்து அழுத்தினால்தான் எஃப்8. இருபது வருஷமாகப் பழகிய விரலுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம்பர் பேடும் கிடையாது. மேல் வரிசையில் எண் தட்டுகிற கணக்கப்பிள்ளையை எந்த முதலாளியாவது மதிப்பானா? தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கிப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

கம்பெனி கணக்குகளுக்கு இந்த ஏற்பாடு சுத்தமாக ஆகாது. சின்னக் கடைகளுக்கு ஓடிபி போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதைக் கம்ப்யூட்டரில் சொருகி அதற்கான மென்பொருள் வழியாகக் கையெழுத்துப் போட வேண்டும். டோக்கனை டாக்கில் சொருகினால் விளக்கு எரிகிறது, வேறு ஒன்றும் நடப்பதில்லை. சிவகாசியில் எனக்கு அப்படி ரெண்டு அச்சகங்கள் உண்டு. அவர்கள் கணக்குக்கு ராத்திரி வீட்டு டெஸ்க்டாப் முன்னால்தான் உட்காருகிறேன்.

ஆனால் என்னை ரொம்பப் படுத்தியது இது எதுவும் இல்லை. போன், போனாகவும் இருக்கிறதே, அதுதான். வாங்கிய புதிதில் மண்டியில் நூறு வரி பதிந்துகொண்டிருக்கும்போது ஒரு கால் வந்தது. பழக்கதோஷத்தில் போனைக் காதுக்கு எடுத்தேன். வயர் பிடுங்கிக்கொண்டது, மேஜையிலிருந்த ஆபீஸே காணாமல் போனது. டாலி வீட்டில் ஓடியதால் பதிந்தது பிழைத்தது, திறந்து வைத்திருந்த மற்ற ஜன்னல்களை ஒவ்வொன்றாக மறுபடி தேடித் திறந்தேன். அதிலிருந்து காதில் ப்ளூடூத் மாட்டிக்கொள்கிறேன். அதைவிட மோசம் இன்னொரு நாள். வத்தல் மண்டி முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கிறது. அடுத்த தெரு மண்டிக்காரர், இவருக்கு நேர் போட்டி, தன் கொள்முதல் விலையைக் கேள்வியாக எழுதி அனுப்பியிருக்கிறார். ரெண்டு வரி, கொட்டை எழுத்தில். முதலாளி பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காப்பி வரவழைத்துக் கொடுத்தார், அதுதான் பயமாக இருந்தது. இந்தத் தொழிலில் நமக்கு மூலதனம் வாய் திறக்காமல் இருப்பது ஒன்றுதான். கையில் இருக்கிற அந்தரங்கத்தை எடுத்து ஊர் பார்க்கிற திரையில் மாட்டுகிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது வேலை தொடங்குமுன் அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டுத்தான் வயரைச் சொருகுவது. நிறுத்தினால் ஓடிபியும் எட்டிப் பார்க்காது, போய் எடுக்க வேண்டும். மேலே புகழ்ந்தேனே, அந்த வசதி அத்தோடு போச்சு.

இது புது யோசனை என்று யாழினி நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய சரக்கு. 2011-இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் என்று ஒரு போனும் அதைப் பின்பக்கம் செருகிக்கொள்கிற லேப்டாக்கும் கொண்டுவந்தது. மூளையில்லாத அந்தக் கூட்டைத் தனியாக வாங்கினால் 500 டாலர். அந்த விலைக்கு மூளையுள்ள லேப்டாப்பே கிடைத்தது, யார் வாங்குவார்கள்? அடுத்த வருஷமே அந்த மென்பொருளைக் கைகழுவிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 2011 செப்டம்பரில்தான் நம்ம ஊரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முழு லேப்டாப்பையே அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. உன் பள்ளிக்கூடத்தில் பெட்டிகளை எண்ணி வாங்கி, திருட்டுப் போய்விடுமோ என்று நீ பட்ட பாட்டை அப்போது பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய்.

2013-இல் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காக ஜனங்களிடம் 3.2 கோடி டாலர் திரட்டப் பார்த்தார்கள். 1.28 கோடி சேர்ந்தது, இலக்கு எட்டாததால் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் தன் லூமியா போன்களில் இதையே செய்தது. விண்டோஸ் என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கடைசியில் பார்த்தால் அதில் ஸ்டோர் செயலிகள் மட்டும்தான், பழைய விண்டோஸ் மென்பொருள் ஓடாது. அங்கேயும் டாலி இல்லை! 2017-இல் வந்த டெக்ஸ்தான் சாகாமல் நிலைத்தது. 2025 மே மாதம் கூகுளே சாம்சங்கோடு சேர்ந்து, டெக்ஸ் போட்ட அடித்தளத்தின்மேல் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இந்த ஜன்னல் வசதியைக் கட்டுகிறோம் என்று அறிவித்தது. என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் விற்கிற பெரிய கம்பெனிகளில் பலதும் லேப்டாப்போ டேப்லெட்டோ கூடவே விற்கின்றன. ஒரே போனில் உன் வேலை முடிந்துவிட்டால் இரண்டாவது பெட்டியை யாரிடம் விற்பது? மனசில்லாமல் செய்கிற சமையல் மாதிரி இருக்கிறது இது, உப்பு மட்டும் மறந்துபோகும்.

யாழினிக்கு பி.காம் சி.ஏ. என்று எழுதியிருக்கிறாய். டாலி கட்டாயம் வரும், கல்லூரி சொல்கிற மென்பொருள் வேறு வரும். அதற்கு விண்டோஸ் லேப்டாப் வாங்கு, புதிதுதான் வேண்டுமென்றில்லை. டாக்கில் ஓடுகிற மாதிரி நல்ல போனும் வாங்கி டாக்கும் வாங்கினால் செலவு அதைவிடக் கூடத்தான் ஆகும். ஒரே போன் பஸ்ஸில் விழுந்து உடைந்தால் படிப்பு, பேச்சு, பணம் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும், அதையும் சொல்லு.

உனக்கு என்றால் என் பதில் வேறு. நீ கட்டுரை எழுதுகிறாய், பழைய நூல்களின் பிடிஎஃப் படிக்கிறாய், மெயில் பார்க்கிறாய். கண் வலிக்க ஆறங்குலத் திரையில் அதைச் செய்கிறாய். அதற்கு டாக் தேவாமிர்தம். ஒரே ஒரு முள், தமிழ். எனக்கு முதல் ரெண்டு நாள் இந்தக் கீபோர்டில் ஆங்கிலம்தான் விழுந்தது, தமிழ் போன் திரையில் தொட்டால்தான் வந்தது. செயலியை மாற்றி, அமைப்பில் குடைந்து, அப்புறம்தான் சரியானது. உன் போனுக்கு எது ஒத்துவரும் என்று சொருகிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் பங்குனிப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. மாரியம்மன் கோயில் பக்கம் கூட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ராத்திரி உன் போனை என் டாக்கில் மாட்டிப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி போனின் மாடல் நம்பரை ஒரு மெசேஜில் அனுப்பு, படம் வெளியே வருமா வராதா என்று பார்த்துச் சொல்கிறேன். வராது என்றாலும் பரோட்டாவுக்கு வா.

அத்தைக்கும் தங்கச்சிக்கும் என் அன்பு. யாழினியிடம் மாமா மேல் கோபப்பட வேண்டாம் என்று சொல்.

உன்,
கணேசன்

பி.கு.: மெசேஜ் பகலில் அனுப்பாதே. மண்டியில் இருப்பேன்.