கடலுக்குள் இறங்கிய கிளார்க்

ஆசிரியருக்கு,

அறிவியல் புனைகதைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஆங்கிலேய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைச் செயற்கைக்கோள் தொடர்பை 1945இலேயே முன்கூட்டிச் சொன்னவர் என்ற ஒரே வரியில் கட்டுரை கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் கொழும்பில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த அவரது எழுத்தை இந்தத் தீவிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. விண்வெளியின் எடையின்மையைக் கடலுக்கடியில் உணர்ந்தவர் அவர். அந்தத் தேடல்தான் அவரையும் நண்பர் மைக் வில்சனையும் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் காணச் செய்தது. 1979இல் வெளியான 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் வேறு பெயர்களில் வருகின்றன. தரையிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் மின்தூக்கி அமைக்க நிலநடுக்கோடு வேண்டுமென்பதால் கதையில் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினார். எத்தனை உரிமையோடு செய்த கற்பனை!

திருகோணமலையில் நான் அறிவியல் கற்பித்த காலத்தில், செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிலையாக நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் சுற்றுப்பாதையைக் கரும்பலகையில் வரைந்து, தொடர்புக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதிய கிளார்க் நம் கோணேசர் மலையடிக் கடலில் முக்குளித்தவர் என்றேன். மணி அடித்த பிறகும் மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. உயர்வகுப்புத் தமிழ்மொழி அறிவியல் பாடநூலில், அந்தச் சுற்றுப்பாதை வரும் இடத்திலேயே, இவரைப் பற்றி ஒரு பக்கம் சேர்க்கக் கல்வி அமைச்சு ஆவன செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருகோணமலை