சாலையில் நெல் காய்வது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா விவசாயிகள் சாலையை அடைத்து நெல் காயப்போடுவதால் இருசக்கர வாகனங்கள் சறுக்கி விழுகின்றன என்று தங்கள் நாளிதழில் படித்தேன். உண்மைதான். நானும் அப்படிக் காயப்போடுகிறவன். ராத்திரி குவியலைச் சுற்றிக் கல் வைத்துவிட்டு வந்து படுத்தால், இருட்டில் யார் வந்து மோதுவார்களோ என்று தூக்கம் பிடிப்பதில்லை. ஆனால் நாங்கள் ஏன் சாலைக்கு வந்தோம் என்பதையும் எழுதுங்கள்.

கையால் அறுத்த காலத்தில் கதிர் அரி அரியாக வயலிலேயே காயும். கட்டுக் கட்டிக் களத்தில் போர் போட்டு, அடித்துத் தூற்றி எடுப்பதற்குள் பாதி ஈரம் போய்விடும். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று ஒடிய வேண்டும். அந்தப் பதம் வந்த நெல்தான் பத்தாயத்துக்குப் போகும். இப்போது அறுக்க ஆள் இல்லை. பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் அறுத்து, அடித்து, டிராக்டர் பெட்டியில் பச்சை நெல்லாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மழைக்காலத்தில் அதில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அரசு கொள்முதலுக்குக் கேட்பது 17. ஈரத்தை 22-லிருந்து 17-க்கு இறக்க, 100 கிலோ நெல்லில் 6 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். அக்டோபரில் மழை விட்டு ரெண்டு மணி நேரம் வெயில் அடித்தால், சட்டென்று சூடேறுகிற இடம் தார்ச்சாலை ஒன்றுதான்.

போன குறுவை அறுவடையில் என் நெல் கொள்முதல் நிலைய வரிசையில் பதினோரு நாள் கிடந்தது. தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் கையை விட்டேன். அடுப்படிச் சூடு, புளித்த வாடை. அடியில் இருந்த நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை. குறுவை ரகங்களுக்கு விதை உறக்கம், அதாவது அறுத்த நெல் உடனே முளைக்காமல் இருக்கும் தன்மை, குறைவு; நனைந்தால் நாள் தாங்காது.

ஈரப்பதத் தளர்வு கொடுக்கிறார்கள். 2022 குறுவைக்கு 19 வரை, அடுத்த பிப்ரவரியில் 20 வரை கொடுத்தார்கள். மத்தியக் குழு வந்து, மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் எங்கள் நெல் முளைத்துவிடுகிறது. தளர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈர நெல்லை வாங்கிச் சாக்கில் கட்டித் திறந்தவெளியில் அடுக்கினால் அது அங்கே போய்க் கறுக்கும். அந்த அரிசி ரேஷன் கடைக்குத்தானே வரும்?

ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் கூரை போட்ட சிமெண்ட் களம் வேண்டும். நாலைந்து நிலையங்களுக்குப் பொதுவாக ஓர் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். இது ஒன்றும் புதிது இல்லை; புழுங்கலரிசி ஆலைகளில் அவித்த நெல்லை உமி எரித்து டிரையரில்தான் காயவைக்கிறார்கள்.

தங்கள் செய்தியாளர் ஒருமுறை வரட்டும். எங்கள் ஊரில் களத்துக்கென்று இருக்கும் புறம்போக்கை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். கருவை மண்டிக் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.